துடைத்த மேசையில் சாம்பல் பொடி

சுவிட்சர்லாந்தின் எர்ஸ்ட்ஃபெல்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே ரெகுலாவின் வீடு. மாலை வெயில் விழும் மேசையில் இரண்டு பொம்மை எஞ்சின்கள் நிற்கின்றன. இங்கே எல்லோரும் முதலை என்று கூப்பிடும் நீண்ட மூக்கு மலை எஞ்சினின் நகல்கள். பச்சை, ரெகுலாவுடையது. பழுப்பு, நண்பர் ஆல்வின் இப்போதுதான் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தது. அதன் மூக்கில் முடியளவு விரிசல். பழைய துத்தநாக வார்ப்புக்கு வரும் வியாதி அது. தானாகவே வெடித்து, உதிர்ந்து, ஒருநாள் வெறும் சாம்பல் பொடியாகிவிடும்.

"ஏய்யா, அதைக் கொண்டாந்து என்னுது பக்கத்துல வைக்கிறியே! ஒட்டிக்காதா?"

"இது என்ன அம்மையா, ரெகுலா? தொத்தறதுக்கு?"

"உன்னுதுக்கு வந்தாச்சு, நீ ஏன் பேசமாட்டே? எடு முதல்ல."

ஆல்வின் சிரித்தபடி அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். ரெகுலா ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைக்கிறார். காபிக் கோப்பையை நகர்த்தி, அதன் அடியையும் துடைக்கிறார். வெளியே ஊதல் கேட்கிறது. விழா ஓட்டத்துக்கு வந்த அசல் முதலை, நூறு வயதை நெருங்கும் அந்தக் கிழ இரும்பு, சன்னல் கண்ணாடியை அதிரவைத்துக் கடக்கிறது. கரண்டிகள் கிணுகிணுக்கின்றன. எப்போதும் ஓடிப்போய்க் கையசைக்கும் ரெகுலா இன்று எழவில்லை. சத்தம் மெல்ல அடங்குகிறது. துடைத்த மேசையில், பச்சை எஞ்சினுக்கு அடியில், மாவு சிந்தியதுபோல் கொஞ்சம் சாம்பல் பொடி.

ரெகுலா கோப்பையை அந்தப் பொடிக்கு முன்னால் நகர்த்துகிறார்.

"இன்னொரு காபி ஊத்தட்டுமா?"

"ஊத்து" என்கிறார் ஆல்வின். தன் எஞ்சினைப் பொதிந்துவந்த கைக்குட்டையை மட்டும் மெதுவாக ரெகுலா பக்கம் தள்ளுகிறார்.