ரெண்டு பேருக்கு ஒரு டெலஸ்கோப்

"அந்த ஆளுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிசு?" என்றார் அந்த அம்மா.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேசைமேல் மூன்று டெலஸ்கோப்புகளை நிறுத்தி வைத்திருந்தார். அந்த அம்மா எதையும் தொடவில்லை. பல் டாக்டரிடம் வந்தவர் போல, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் ஒருத்தருக்கா வாங்கறோம்? ரெண்டு பேருக்கும்தானே," என்றார் பக்கத்தில் இருந்த கணவர். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை கல்யாணம். போகப்போற வீட்டுல பின்பக்கம் நல்லா இடம் இருக்கு, தெருவிளக்கு வெளிச்சம் விழாது. ஜோடியா உக்காந்து வானம் பார்க்கணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை."

கடைக்காரருக்குப் பாதிக் கதை அப்போதே விளங்கிவிட்டது. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர் அவர். 'அந்த ஆளு' என்ற ஒரு சொல் போதாதா? பெண்ணே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, நடுவில் அப்பா பாடு மத்தளம்.

"மாப்பிள்ளை கண்ணாடி போடறவரா? போடறவர்னா கண் வைக்கற இடம் கொஞ்சம் தாராளமா இருக்கணும்."

"சோடாபுட்டி," என்றார் அம்மா. "எதிர்ல நிக்கற ஆளே தெரியாது. நட்சத்திரம் தெரியப்போகுதாக்கும்."

கணவர் சங்கடமாகச் சிரித்தார். "தங்கமான மனுஷர்ங்க. அது இவளுக்கும் தெரியும். ஆனா கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அங்க அவ, இவ வராம தாலி கட்டிக்க மாட்டேங்கிறா. பரிசு எடுக்கவாவது வான்னு இழுத்துட்டு வந்திருக்கேன்."

"அவ நம்ம வீட்டை விட்டுப் போறத நின்னு பார்க்கச் சொல்றீங்களா? என்னால முடியாது." அம்மாவின் குரல் பாதியில் உடைந்தது.

வியாபாரத்தில் இதெல்லாம் பார்க்காததா? கடைக்காரர் ஒன்றும் காதில் விழாதவர் போல, நடுவில் இருந்த டெலஸ்கோப்பைத் தெருப்பக்கம் திருப்பினார். "இது கொஞ்சம் கனம். ஆனா சனி கிரகத்தோட வளையம் வரைக்கும் காட்டும். அதோ அந்தத் தண்ணித் தொட்டியைப் பாருங்கம்மா."

அம்மா வேண்டாவெறுப்பாக ஒரு கண்ணை வைத்தார். "தலைகீழா இருக்கு."

"ஆகாசத்துல தலை ஏதும்மா, வால் ஏது. எப்படிப் பார்த்தாலும் ஒண்ணுதான்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுக்கு வந்த புதுசுல நிலாவைத் தவிர வேற எதையும் அவ அண்ணாந்து பார்த்ததில்ல. இப்ப எது செவ்வாய், எது வியாழன்னு எனக்கே பாடம் எடுக்கறா."

கடைக்காரர் லென்ஸைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் துடைத்துக்கொண்டே. "இந்த ரெண்டுலயும் ஒருத்தர் பார்த்துட்டு இன்னொருத்தரைக் கூப்பிட்டா, அவர் வந்து குனியறதுக்குள்ள பார்த்தது நகர்ந்துடும். பூமி சுத்துதில்ல. மறுபடி தேடிப் பிடிக்கணும். மூணாவதுல மோட்டார் இருக்கு. அதுவே கூடத் திரும்பும்."

அம்மா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். "கூப்பிட்டு வர்றதுக்குள்ள போயிடுமா?"

"ஒரு நிமிஷம்கூடத் தாங்காதும்மா."

அவர் மூன்றாவது டெலஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"மோட்டார் வெச்சதையே குடுங்க தம்பி," என்றார் கடைசியில். "அவ ஆசையா கூப்பிடுவா. வர்றவர் வெறும் இருட்டைப் பார்த்துட்டு நிக்கக் கூடாது."

"நல்லதும்மா. ஞாயித்துக்கிழமை காலையில கல்யாண வீட்டுக்கே அனுப்பிடட்டுமா?"

"வேண்டாம். நானே கொண்டுபோய் அவ கையில குடுக்கறேன்."

கணவர் சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். மேல் வரிசையில் இருந்த பெரிய எழுத்துக்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

கடைக்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. பிரியவிருந்த ஒரு குடும்பத்தைத் தானே உட்கார்ந்து சேர்த்து வைத்தது போல ஒரு பெருமை. பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டே, தன் சம்பந்தி வீட்டில் பேசும் உரிமையோடு பேசினார்.

"பொண்ணைப் பெத்தவங்களுக்கு இது இருக்கறதுதாம்மா. நானும் ரெண்டு தடவை மூலையில நின்னு அழுதிருக்கேன். யார் வீட்டுப் பிள்ளையோன்னு நினைக்காதீங்க. மாப்பிள்ளையை உங்க மகன்னு நினைச்சுக்கோங்க, எல்லாம் சரியாயிடும்."

அம்மா பெட்டியின் மேல் கையை வைத்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

"எங்க மகன் உயிரோட இருந்திருந்தா, மருமகளுக்கு எதுக்குத் தம்பி இன்னொரு கல்யாணம்?"