பதினோராவது கேள்வி

"ராணுவத்துல நர்ஸாப் போ, கிளார்க்காப் போ, லாரி ஓட்டப் போ. சந்தோஷமா அனுப்பி வைக்கிறேன். ராணுவ போலீஸ் மட்டும் வேண்டாம்."

டிரைவிங் ஸ்கூல்காரர் இதைச் சொல்வது அந்த வாரத்தில் நாலாவது முறை. மகள் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதை நிறுத்தவே இல்லை.

"ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்கப்பா."

"ஒண்ணு என்ன, ஒன்பது சொல்றேன். எதிரியைப் பிடிக்கிறவன் சிப்பாய். கூட இருக்கிறவனையே பிடிக்கிறவன் ராணுவ போலீஸ். நீ கேன்டீனுக்குள்ள நுழைஞ்சாலே பேச்சு நின்னுடும். உன் மேஜையில ஒருத்தி வந்து உட்கார மாட்டா."

"நல்லதுதான். நிம்மதியாச் சாப்பிடுவேன்."

"கிண்டலா? குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவன், லீவு முடிஞ்சும் திரும்பாதவன், இவனுங்க பின்னாடியே அலையணும். வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டணும். பெத்தவங்க உன்னைப் பார்த்து மண்ணை வாரித் தூத்துவாங்க."

"யாராவது தட்டித்தானே ஆகணும்? நான் தட்டிட்டுப் போறேன்."

"உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி."

"உங்க பொண்ணாச்சே! பக்கத்துல உட்கார்ந்து பிரேக் போட்டே பழகிட்டீங்க. ஸ்டியரிங் என் கையில இருக்குப்பா."

அடுப்படியில் மனைவி சிரிப்பது கேட்டது.

"என்னங்க, பரீட்சை, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தாண்டிட்டா. நாளைக்கு நேர்முகம் ஒண்ணுதான் பாக்கி. இப்பப் போய்க் கத்தறீங்களே? முழங்கால் வேற பிடிச்சிருக்கும். இருங்க, தைலம் கொண்டு வரேன்."

முழங்கால்! ராணுவப் பேச்சு வந்தாலே அவருக்கு இடது முழங்கால் வலிக்கும். பயிற்சியில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்பது தெருவுக்கே தெரிந்த கதை.

கதைதான். அடியும் படவில்லை, ஒன்றும் படவில்லை. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், எல்லைக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்த அன்று, லாரியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தவர் அவர். பத்தொன்பது நாள் அக்கா வீட்டுப் பரணில் பதுங்கிக் கிடந்தார். ராணுவ போலீஸின் சிவப்புத் தொப்பிக்காரர்கள் இரண்டு பேர் வந்து இறக்கினார்கள். நான்கு மாதம் ராணுவச் சிறை, அப்புறம் வேலை நீக்கம். அக்கா ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவளிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

இப்போது வினை, மகளின் விண்ணப்பத்தில் வந்து நின்றது. படிவத்தோடு வந்த விளக்கத்தாளை அவர் யாரும் பார்க்காதபோது பத்து தரமாவது படித்திருப்பார். பதினோராவது கேள்வி: 'குடும்பத்தில் எவரேனும் ராணுவத் தண்டனை பெற்றவரா?' கீழே தடித்த எழுத்தில்: 'தகவல் பொய் எனத் தெரிந்தால் தேர்வு ரத்து செய்யப்படும்.'

'இல்லை' என்றுதான் எழுதியிருப்பாள் பாவி மகள். பழைய கோப்பை அவர்கள் தூசி தட்டினால் தீர்ந்தது. அவர் சொன்ன பொய்க்கு அவள் வெளியே போவாள்.

மகளோ மசிகிற மாதிரி இல்லை. வேறு வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் காலை முதல் வகுப்புக்கு வந்த பெண்ணிடம், "கிளட்ச் சரியில்லைம்மா, நாளைக்கு வா" என்றார். இன்றைக்கு இது ஒன்றுதான் பொய், இதோடு சரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மகளுக்கு முன்னாலேயே ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

தேர்வு அதிகாரி முப்பதைத் தாண்டிய பெண். சிவப்புத் தொப்பி மேஜைமேல் இருந்தது.

"உட்காருங்க."

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன் மேடம். உட்கார்ந்தா தைரியம் போயிடும்."

சொன்னார். லாரி, பரண், சிறை, முழங்கால், ஒன்றையும் விடவில்லை.

"பொய் சொன்னது நான். அவ என்னை நம்பி எழுதிட்டா. என் பழைய படை எண் இந்தச் சீட்டுல இருக்கு, சரி பார்த்துக்குங்க. எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடறேன். அவளைத் தள்ளிடாதீங்க. நான் ஓடினவன். அவ ஓட மாட்டா மேடம், வீட்டுல ஒரு வாரமா நான் துரத்திப் பார்த்துட்டேன்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அலமாரியிலிருந்து மகளின் விண்ணப்பக் கோப்பை எடுத்துப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இதை உங்ககிட்ட நான் காட்டவே கூடாது."

காட்டினார்.

பதினோராவது கேள்விக்கு எதிரே மகளின் முத்து முத்தான கையெழுத்து: 'ஆம். என் தந்தை. பணியிலிருந்து ஓடி வந்ததற்காக நான்கு மாதம்.'

இப்போது அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டாவது கேள்வி: 'இந்தப் பிரிவில் சேர விரும்புவது ஏன்?'

'பரணிலிருந்து இறங்கிய என் அப்பாவுக்கு, வந்தவர்கள் விலங்கு மாட்டவில்லை. முகம் கழுவிக்கொள்ளச் சொன்னார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் காத்திருந்தார்கள். தெருவில் யாரும் தப்பாக நினைக்காதபடி, தோளில் கைபோட்டு, நண்பனைக் கூட்டிப் போவதுபோல் கூட்டிப் போனார்கள். கல்யாணத்துக்கு முன்பே அத்தை அம்மாவிடம் சொன்னது இது. அம்மா என்னிடம் சொன்னாள். பிடித்துத்தான் ஆகவேண்டும் என்றால், அப்படிப் பிடிக்கிற ஒருத்தியாக நான் இருக்க வேண்டும்.'

தோளில் விழுந்த அந்தக் கை அவருக்கு நினைவே இல்லை. அவமானம் மட்டும்தான் நினைவிருந்தது.

அதற்கும் கீழே, மிச்சமிருந்த துளி இடத்தில், பொடி எழுத்தில் இரண்டு வரி:

'இது எங்களுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. விசாரிக்க வீட்டுக்கு வருவதாக இருந்தால், தயவுசெய்து அவர் வகுப்பு எடுக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள்.'