சலுகை போன வீடு

"நாயை அவிழ்த்து விடவா?" என்று கேட்டான் பெட்ராக் ஹாஸ்கன்.

அவன் வேனில் நாய் எதுவும் இல்லை. இருந்தாலும் லோர்னா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கவுன்சில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்தக் கார்ன்வால் கரைக்கு வருகிறவர்களை யாரும் உட்காரச் சொல்வதில்லை.

பார்க்க வேண்டியதை அவள் பார்த்துவிட்டாள். மூன்றாம் வீட்டு வேலியில் நீச்சலுடைகள் காய்ந்துகொண்டிருந்தன. சுவரில் அலைச்சறுக்குப் பலகைகள். வாசலில் பளபளப்பான வெளியூர் கார்.

வசதியில்லாத உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் ஹாஸ்கன் இந்த வரிசை வீடுகளைக் கட்டினான். அதற்காகவே கட்டடம் கட்டுகிறவர்களிடம் வாங்கும் கட்டணத்தைக் கவுன்சில் அவனுக்குத் தள்ளுபடி செய்தது. ஏழு வருடம் சொன்ன சொல் மாறக்கூடாது.

நாலாவது வருடமே மாறிவிட்டான். மூன்றாம் வீட்டில் இருந்த கெர்ராவைக் கைக்குழந்தையோடு வெளியேற்றிவிட்டு, கோடையைக் கழிக்க வருகிறவர்களுக்கு வாரக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தான்.

"எவன் போட்டுக் கொடுத்தான்? பேரைச் சொல்லிட்டுப் போ."

லோர்னா அந்தக் காரின் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

வேன் கதவு படாரென்று திறந்தது. இறங்கி வந்த அவன் மனைவி மோர்வென்னாவைப் பார்த்ததும் ஹாஸ்கனே தேவலை என்று ஆகிவிட்டது லோர்னாவுக்கு.

"அடுத்தவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்குத்தான் உனக்குச் சம்பளம் தர்றாங்களா?"

கேட்டுவிட்டு, லோர்னாவின் காலணிக்குப் பக்கத்தில் துப்பினாள்.

லோர்னா காலை நகர்த்திக்கொண்டு பேசினாள். இந்த வீட்டுக்கான சலுகை போய்விட்டது, தள்ளுபடி செய்த தொகையைத் திரும்பக் கட்ட வேண்டும், மாற்றத்தை உடனே தெரிவிக்காததற்கு அபராதம் தனி என்றாள்.

ஹாஸ்கனின் முகம் சிவந்தது. பிறகு எதையோ யோசித்தான். சிவப்பு மெல்ல இறங்கியது.

"சரி, கட்டிடறேன். கட்டினப்புறம் இதுல யாரை வெச்சேன்னு நீ வந்து கேக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் லோர்னாவுக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. அவள் கையிலிருந்த சட்டத்துக்குக் கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்கத் தெரியும். அவ்வளவுதான்.

"முடியாது."

ஹாஸ்கன் வாய்விட்டுச் சிரித்தான். கட்டுகிற பணத்தை அடுத்த கோடை வாடகையிலேயே எடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு, சாவியைச் சுழற்றியபடி வேனை நோக்கி நடந்தான்.

மோர்வென்னா அசையவில்லை. லோர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்திக்கொண்டிருந்த தொண்டையா இது என்று நினைக்கும்படி அவள் குரல் உள்ளே போயிருந்தது.

"அப்போ கெர்ராவுக்கு வீடு திரும்பக் கிடைக்காதா?"

லோர்னா இல்லையென்று தலையாட்டினாள்.

வேன் கதவில் கை வைத்த ஹாஸ்கன் திரும்பினான்.

"உன் மக பேச்சை இனிமே எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"நான்தான் கவுன்சிலுக்குப் போன் பண்ணேன், பெட்ராக்" என்றாள் மோர்வென்னா.