முதல் கட்சிக்காரர்

அவர் மேசைமேல் வைத்த பாட்டிலில் தண்ணீர் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வைத்த கையோடு இரண்டு முறை இருமினார்.

சட்டக் கல்லூரியின் இலவச ஆலோசனை அறையில் அன்று ஒரு மாணவியும் ஒரு மாணவனும்தான். அவர்களைப் பழக்கும் வக்கீல் சார் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

வாய்க்கால் தெருவின் அறுபது குடும்பங்களுக்காகச் சாயப்பட்டறை மீது வழக்குப் போட நாளைதான் கடைசி நாள். இலவசமாக வாதாட சாரை விட்டால் வேறு ஆளில்லை. கிணறெல்லாம் நாறிப்போய், பிள்ளைகள் சொறிந்துகொண்டு திரிய, கழிவை எப்போது திறந்துவிடுகிறார்கள் என்று சொல்ல மட்டும் ஒரு சாட்சி கிடைக்கவில்லை. பட்டறை முதலாளியோ அந்தப் பக்கம் முகம் காட்டியதே கிடையாது.

"உக்காருங்கண்ணே. வாய்க்கால் தெருவா?" என்றாள் மாணவி.

"பட்டறைப் பக்கம்மா. அந்தத் தண்ணியப் பத்தி நிறைய சொல்லணும். வெளிய தெரிஞ்சா என் பொழப்பே போயிடும்."

போன வாரம் படித்த பாடத்தை மாணவி ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா நீங்க எங்க கட்சிக்காரர். நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. உங்களுக்கு எதிரா எங்க சார் எந்தக் கோர்ட்லயும் நிக்கவும் முடியாது."

"எங்க, அந்தக் கடைசி வரிய இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னாள். சார் பெயரில் தயாராக இருந்த வக்காலத்துத் தாளில் அவர் நிதானமாகக் கையெழுத்திட்டார். முதல் கட்சிக்காரர் கிடைத்த சந்தோஷத்தில், என்ன தொழில் என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அவர் மடை திறந்தாற்போலக் கொட்டினார்.

"விடிகாலை நாலு பத்துக்கு வால்வைத் திறக்கணும். மூணு சுத்து. நாலே முக்காலுக்கு மூடிடணும், இல்லேன்னா பால்காரன் பாத்துடுவான்."

மாணவனுக்கு எழுதி எழுதி விரல் வலித்தது. மாணவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அறுபது வீட்டுக்கும் விடிவுகாலம் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"கவலைய விடுங்கண்ணே. நீங்க சாட்சி சொன்னா போதும். நாளைக்கே அந்த முதலாளி மேல எங்க சார் கேஸ் போட்டுடுவார்."

அவர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் மேல எப்படிம்மா போடுவார்? அவர்தான் இப்ப என் வக்கீலாச்சே."