பட்டத்துப் பிள்ளை

“பிள்ளை பிறந்தது உங்கள் கலியாணத்துக்கு முன்னரா, பின்னரா?”

முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வீட்டுக்குள் வந்திருந்து, கொடுத்த தேத்தண்ணியில் ஒரு வாய் குடிப்பதற்குள் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பத்திக்கொண்டு வராது?

மெலனிக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. மடியில் இருந்த நேதனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“ஏன் கேட்கிறீர்கள்?”

“என் பெயர் பெம்பிரிட்ஜ். உங்கள் கணவர் கிறெக்கின் சொந்தக்காரன், இங்கிலாந்திலிருந்து வருகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு லோர்ட் பட்டம் இருக்கிறது. நிலபுலமெல்லாம் எப்போதோ விற்றாயிற்று, பெயர் மட்டும்தான். அப்பனுக்குப் பிறகு மகன், மகன் இல்லையென்றால் தம்பியின் வழி என்று தலைமுறை தலைமுறையாக வருவது. கடைசியாக இருந்தவர் பிள்ளையில்லாமல் இறந்துபோனார். அவருடைய தம்பிதான் கனடாவுக்கு வந்த கிறெக்கின் பாட்டனார்.”

இங்கே கர்க்லாண்டில் தண்ணீர்க் குழாய் திருத்தித் திரிந்த மனுசனின் பேரன் லோர்ட்டா? கிறெக் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். போன விண்டரில், பனி உறைந்த நெடுஞ்சாலையில் கார் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

“அந்த வழியில் இப்போது மிஞ்சியிருப்பது இந்தச் சின்னவர்தான். ஆனால் தாய் தகப்பன் சட்டப்படி கலியாணம் செய்த பிறகு பிறந்த பிள்ளையாக இருக்கவேண்டும்.”

குசினிக்குள்ளிருந்து சின்னம்மா அல்போன்சம்மா கண்ணைக் காட்டிக் கூப்பிட்டாள். மெலனி பிள்ளையோடு எழுந்து போய் விசயத்தைச் சொன்னாள்.

“காணி பூமி ஏதும் வருமோ?”

“இல்லையாம். எல்லாம் எப்பவோ வித்துப்போட்டினமாம். வெறும் பேர்தானாம்.”

“வெறும் பேருக்கு ஆரும் பிளேன் ஏறி வருவினமோ? கீழ்வீட்டு மனுசியிட்டையும் விசாரிச்சவனாம், கோயில் பங்குச் சுவாமியிட்டையும் போனவனாம். வந்ததிலை இருந்து பெடியன்ரை முகத்தையேதான் பாக்கிறான். பிள்ளையைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறான் எடி! அங்கை போர்டிங்கிலை விட்டு வளர்ப்பாங்கள். பேந்து உன்னையே ஆரெண்டு கேப்பான் உன்ரை மகன்.”

 மெலனிக்கு ஒரு வழி தோன்றியது. வெட்கக்கேடான வழி.

கோயில் கலியாணத்துக்கு மன்னாரிலிருந்து அம்மா அப்பா வரவேணும் என்று காத்திருந்தார்கள். விசா இழுபட்டது. அதற்குள் நேதன் பிறந்துவிட்டான். ‘கையிலை பிள்ளையோடை பீடத்துக்கு வந்த பொம்பிளை’ என்று கோயிலில் இன்னும் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு இன்றைக்காவது உதவட்டும்.

“முன்னர்தான்,” என்றாள் கிழவரிடம் வந்து. பொய் சொல்லக்கூடாது என்று கொன்வென்ற் சிஸ்டர்மார் படிப்பித்த அதே ஆங்கிலத்தில். “பிள்ளை பிறந்த பிறகுதான் கோயிலில் கலியாணம் நடந்தது. பட்டம் அவனுக்கு வராது. நீங்கள் போகலாம்.”

கிழவர் எழும்பினார். கோட்டைப் போட்டார். கதவுக் கைபிடியில் கையையும் வைத்தார்.

மெலனிக்கு மூச்சு வந்தது.

அவரோ அப்படியே நின்றார். என்னத்தை யோசித்தாரோ, திரும்பி வந்து கோட்டுடனேயே பழைய கதிரையில் இருந்தார்.

“கோயிலில் என்றுதானே சொன்னீர்கள். அதற்கு முன்னர் வேறொன்றும் நடக்கவில்லையா? உங்கள் ஆட்கள் முதலில் எழுத்து வைத்து, கலியாணத்தைச் சட்டப்படி பதிவுசெய்வார்கள் என்று பாதிரியார் சொன்னாரே?”

விடாக்கண்டனாக இருக்கிறானே!

“எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் சும்மாதான் சேர்ந்திருந்தோம்.”

குசினிக்குள் அகப்பை விழுந்தது. பின்னாலேயே அல்போன்சம்மா வந்தாள்.

“என்னடி சொன்னனி? சும்மா இருந்தனியோ? கோர்ட்டிலை நான் சாட்சிக்கு நிண்டு எழுத்து முடிச்சு, அடுத்த வருசமெல்லோ பெடியன் பிறந்தவன்! சனத்துக்கு மறுமொழி சொல்லியே எனக்கு நாக்கு வறண்டுபோச்சு. நீ என்னடாவெண்டால் வெள்ளைக்காரனுக்கு முன்னாலை எங்கடை மானத்தை வாங்கிறாய்!”

“சின்னம்மா, வாயை மூடுங்கோ!”

மூடுவாளா? தனக்குத் தெரிந்த இங்கிலீசையும் பிரெஞ்சையும் ஒன்றாகக் குழைத்து, “மிசியே, எழுத்து முதல்! பிள்ளை பேந்து! சாட்சி நான்!” என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

கிழவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

“அப்படியானால் பட்டம் இவனுக்குத்தான்.”

“ஐயோ, என்ரை பிள்ளையைக் கொண்டுபோகாதேங்கோ!” ஆங்கிலமெல்லாம் மறந்து மெலனிக்குத் தமிழில்தான் வந்தது.

பாஷை புரியாவிட்டாலும், அவள் பிள்ளையை இறுக்கின இறுக்கு கிழவருக்குப் புரிந்தது.

“கொண்டுபோவதா? எங்கே? நானே ஒரு அறையில் தனியாக இருக்கிறேன், அம்மா. அவன் இங்கேயே உங்களோடு வளரட்டும். வளர்ந்த பிறகு பட்டம் வேண்டாமென்றால் விட்டுவிடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் வேண்டாமென்று அவன்தான் சொல்லவேண்டும். அவனுக்காக நீங்கள் சொல்லக்கூடாது. நானும் சொல்லக்கூடாது.”

நேதனின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு வெளியே நடந்தார்.

மெலனிக்கு ஏதோ உறுத்தியது. பிள்ளையோடு வாசலுக்கு ஓடினாள்.

“மிஸ்டர் பெம்பிரிட்ஜ்! நான் சொன்ன பொய்யை நம்பிப் போயிருந்தால், பட்டம் யாருக்குப் போயிருக்கும்?”

வெளிப்படியில் ஒரு காலை வைத்திருந்த கிழவர் திரும்பாமலே சொன்னார்.

“எனக்கு.”