கூட்டு ஓய்வு

“ஐஸ் மேல உங்களை அப்படி விரட்டினது எது சார்?”

கேட்டுவிட்டுப் பத்திரிகைக்காரப் பெண் பேனாவைத் திறந்தாள்.

சோபா காலியாக இருந்தது. சாம்பியனோ சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் ஸ்கேட்டிங் ஓட்டத்தில் பதக்கமாகக் குவித்த தொடைகள் பேன்ட்டுக்குள் அடங்க மறுத்தன.

“நாடு!” என்றார். “அப்புறம் ஒழுக்கம். அதிகாலையில எழுந்திருக்கறது. அதுவும் எழுதிக்கம்மா.”

“போன மாசம் ஓய்வு அறிவிச்சீங்க. உங்க பரம வைரி ‘கொக்கு’வும் அதே மேடையில அறிவிச்சார். அது ஏன் சார்?”

“யார் முதல்ல நிறுத்தறதுன்னு எங்களுக்குள்ள பல வருஷ இழுபறி. முதல்ல நிறுத்தினவன் தோத்தவன் இல்லையா? அதான், ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணா நிறுத்திட்டோம். இனிமே ஐஸ் பக்கம் தலைவெச்சுப் படுக்கறதில்லைன்னு சத்தியம்!”

“ஓய்வு வாழ்க்கை எப்படிப் போகுது?”

“அமைதியா போகுது.”

உள்ளேயிருந்து காபியோடு வந்த அவர் மனைவி, அந்தப் பதிலைக் கேட்டுக் கோப்பையை ‘டொக்’கென்று வைத்தாள். அவள் விரல்களில் பிளாஸ்திரி.

“கையில என்ன மேடம்?”

“ஸ்கேட்ஸ் பிளேடைத் தீட்டற கல்லு சும்மா கிடக்குதேன்னு வீட்டுல இருக்கற கத்தியெல்லாம் தீட்டி வெச்சிட்டாரு. ரொட்டிக்கு வெண்ணெய் தடவற கத்தியைக்கூட விட்டு வைக்கல. நான் தடவினேன். ரொட்டியும் போச்சு, விரலும் போச்சு.”

“கத்தின்னா கூரா இருக்கணும்” என்றார் சாம்பியன்.

“பால் கடை வலது பக்கம், கூப்பிடு தூரம். இவரை அனுப்பினா இடது பக்கமாவே திரும்பித் திரும்பி, பேட்டை முழுக்க ஒரு சுத்து சுத்திட்டு வருவாரு. வர்றதுக்குள்ள பால் தயிராயிடும்.”

“பந்தயத்துல எப்பவும் இடது பக்கம்தானே திரும்பறோம்? காலு பழகிப்போச்சு, நான் என்ன பண்ண?”

“என் பொழைப்புல கை வைக்காம இருங்க, போதும்.” அவள் பத்திரிகைக்காரியிடம் திரும்பினாள். “வீட்டுலேருந்து ஆன்லைன்ல கணக்குப் பாடம் எடுக்கறேம்மா. நான் வகுத்தல் சொல்லிக் குடுக்கறப்ப, பின்னாடி இவரு சாக்ஸைப் போட்டுக்கிட்டு, குனிஞ்ச வாக்குல சர்ர்ருனு போறாரு. பிள்ளைங்க ‘மிஸ், சார் இன்னொரு ரவுண்டு வருவாரா?’ங்குது. ‘இன்னொரு தரம் இப்படி நடந்தா வகுப்பை வேற டீச்சருக்குக் குடுத்துடுவேன்’னு பிரின்சிபால் சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வகுப்பு.”

“நான் இன்னிக்கு மெதுவா போறேன்” என்றார் சாம்பியன் பெருந்தன்மையாக.

மனைவி ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பிறகு, காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“சொல்ல மறந்துட்டேன். காய்கறிக் கடையில கொக்கோட வீட்டுக்காரியைப் பாத்தேன். அவரு விடியறதுக்குள்ள பையைத் தூக்கிக்கிட்டு ஐஸ் அரங்கத்துக்குப் போயிட்டாராம். சும்மா காத்து வாங்கவாம்.”

சாம்பியன் அந்தரத்திலிருந்து எழுந்தார்.

“ஐஸ் அரங்கத்துல என்னடி காத்து? கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணானே! துரோகி! என் பை எங்கே?”

“பீரோ மேல. வேணாங்க, சொன்னாக் கேளுங்க. அவரு ஓடினா ஓடிட்டுப் போறாரு. நீங்க பாட்டுக்கு வீட்டுல...”

வாய்தான் வேண்டாம் என்றது. பீரோவுக்கு முன்னால் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டதும் அவள்தான்.

பை இறங்கியது. வாசல் கேட் ‘படார்’ என்றது. அரங்கம் இருப்பது வலது பக்கம். சாம்பியன் கொஞ்சமும் தயங்காமல் வலது பக்கமே திரும்பிப் பறந்தார்.

பத்திரிகைக்காரி பாதி எழுதிய பக்கத்தைப் பார்த்து விழித்தாள். “மேடம், அவரை விரட்டினது எதுன்னு எழுதறது?”

“நாடுன்னே எழுதிக்கம்மா.”

அவளை வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, வகுப்புக்காக லேப்டாப்பைத் திறந்தபோது போன் அடித்தது. கொக்கின் மனைவி! போன மாதம் ஓய்வு மேடையில் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு இவள் அவள் குரலைக் கேட்பதே இப்போதுதான்.

“அக்கா, என்னைத் திட்டாதீங்க” என்றது அந்தக் குரல் பதற்றமாக. “எங்க வீட்டுக்காரர் இம்சை தாங்கல. குளிக்கப் போனாக்கூட வெளியில ஸ்டாப்வாட்சோட நிக்கறாரு. அதான், உங்க வீட்டுக்காரர் சத்தியத்தை மீறி ஐஸ் அரங்கத்துக்குப் போயிட்டாருன்னு ஒரு பொய்யை அவிழ்த்து விட்டேன். ‘துரோகி’ன்னு கத்திக்கிட்டே பையைத் தூக்கிக்கிட்டு இப்பத்தான் ஓடறாரு. பொய்யின்னு தெரிஞ்சா திரும்பி வந்துடுவாருக்கா!”

சாம்பியனின் மனைவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“வர மாட்டாரு, நீ நிம்மதியா போய்க் குளிம்மா” என்றாள். “நாம ரெண்டு பேருமே பொய் சொல்லல. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டோம், அவ்வளவுதான்.”