சிங்கத்தின் இடது காது

கடலில் மாண்ட மாலுமிகளுக்காக எழுப்பிய நினைவு மண்டபத்தைக் கடலே ஒருநாள் கொண்டுபோனது. இப்போது அதே இடத்தில் கணினி வரையும் ஒளியால் ஆன மண்டபம் நிற்கிறது. பூங்கொடி சுற்றிய எட்டுத் தூண்கள், குடை விரித்தாற்போல் கோபுரம், நான்கு மூலையிலும் பளிங்குச் சிங்கங்கள். எல்லாம் முதன்முதலில் கட்டியவர்களின் வரைபடத்தில் இருந்தபடியே.

எழுபது வயது பிலோமினா, அதைப் பராமரிக்கும் தணிகைவேலைத் தேடி வந்தாள்.

“தம்பி, கிழக்கால இருக்குற சிங்கத்துக்கு இடது காது கிடையாது. நீங்க வச்சிருக்கீங்க.”

“வரைபடத்துல இருக்கேம்மா.”

“எங்க காலத்துல இல்ல. அது மேல உட்கார்ந்துதான் நானும் லாரன்ஸ் அண்ணனும் வாதாங்கொட்டை உடைச்சுத் தின்போம். காது போன குழியில மழைத்தண்ணி நிக்கும். அதுல விரலை நனைச்சு அண்ணன் என் நெத்தியில சிலுவை போடுவான். காதை உடைச்சான்னு அவனைக் கொடிக்கம்பத்துல கட்டிவச்சு அடிச்சாங்க. சாகுறவரைக்கும் ஊருல அவன் பேரு காதொடச்சான்தான். காது முழுசா இருந்தா, எங்க அண்ணன் எதுக்குத் தம்பி அடி வாங்குனான்?”

தணிகைவேல் கணினித் திரையைத் திறந்து, அதில் சிங்கத்தின் காதைத் தொட்டான்.

“உடைச்சவங்க பேரு போட்டாத்தான் கணினி காதை எடுக்க விடும்மா. லாரன்ஸ்னு போட்டுரவா?”

பிலோமினா தலையசைத்து மறுத்தாள்.

“பிலோமினான்னு போடுங்க தம்பி. அப்ப எனக்கு ஏழு வயசு. அண்ணன் என்னை வாயைத் திறக்கவே விடல.”